ஐந்து வெள்ளியும் சுண்ணாம்புக் கம்பமும்: பழைய மலர்களை இணையத் தேடலில் ஏற்றிய அனுபவம்

சிங்கப்பூரில் உள்ள ஒரு பழைய தமிழ்ச் சங்கத்தின் இணையத்தளத்தை 2004ஆம் ஆண்டிலிருந்து தொண்டூழியராகப் பராமரித்து வருகிறேன். அலுவலகத்தில் மென்பொருள்களைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். சனிக்கிழமை மாலைகளில், சங்கத்தின் அலமாரியில் இருக்கும் ஆண்டு மலர்களை ஒவ்வொன்றாக எடுத்து மின்னாக்கம் செய்து, தேடிப் படிக்கத்தக்க வகையில் தளத்தில் ஏற்றுவது நானே விரும்பி ஏற்றுக்கொண்ட பணி.

சில மாதங்களுக்கு முன், ஈசூனில் வசிக்கும் எண்பத்திரண்டு வயதுப் பெண் உறுப்பினர் ஒருவர், உயர்நிலை மூன்றில் படிக்கும் தம் பேத்தியுடன் சங்கத்துக்கு வந்தார். பேத்தி பள்ளி ஒப்படைப்புக்காகத் தாத்தாவைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. எங்கள் தளத்தில் இருக்கும் 1958ஆம் ஆண்டு மலரின் பக்கத்தைச் சுட்டி, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் ஆங்கிலத்தில் விவரம் கேட்டிருக்கிறாள். கட்டட நிதிக்கு அவளுடைய தாத்தா ஐந்து வெள்ளிக் காசுகளை வழங்கினார் என்றும், அவர் சுண்ணாம்பு பூசிய ஒரு தூணின் அருகே வசித்தார் என்றும் அந்தச் செயலி பதில் தந்திருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்து, “எங்க வீட்டுக்காரருகிட்ட வெள்ளிக் காசெல்லாம் ஏது தம்பி? கப்பல் பட்டறைச் சம்பளத்துல அஞ்சு வெள்ளி எடுத்துக் குடுத்தாரு. அப்ப அது பெரிய காசு” என்றார். மலரின் நன்கொடைப் பட்டியலில் “சுண்ணாம்புக் கம்பம், 5 வெள்ளி” என்று மட்டுமே அச்சாகியிருந்தது. சிங்கப்பூர்த் தமிழில் வெள்ளி என்றால் டாலர். கம்பம் என்பது மலாய்ச் சொல்லிலிருந்து வந்த, கிராமத்தைக் குறிக்கும் பெயர். சிராங்கூன் சாலை வட்டாரத்தைத் தமிழர்கள் முன்னாளில் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். இவற்றில் எதுவும் அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுத வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக எனக்குத் தோன்றவும் இல்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்தைப் படிக்க வந்த ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருந்தது.

இன்றைய தேடல், சொல்லைத் தேடுவதிலிருந்து பொருளைத் தேடுவதற்கு நகர்ந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் இயந்திரம் கற்றுக்கொண்ட பொருள், அது படித்த பெரும்பான்மைப் பனுவல்களின் பொருள்தான். தமிழில் அந்தப் பெரும்பான்மை தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அங்கே வெள்ளி என்பது உலோகம், கிழமை, கோள். கம்பம் என்பது தூண். நம்மைப் போன்ற சிறிய சமூகங்கள் தங்கள் சொற்களின் பொருளைத் தாங்களே எழுதி வைக்காவிட்டால், வேறொருவரின் பொருளே நம் பக்கங்களுக்கும் விளக்கமாகிவிடும் என்பது அன்று மாலை எனக்கு உறைத்தது. அதன் பிறகு நான் செய்த வேலைகளையும், அதற்கு முன் செய்த தவறுகளையும், இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

தமிழ் இணையத்தின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் வெளியிட்டபோது, அதில் தமிழ் எழுத்துகள் தெரிவதற்குப் பின்னால் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியின் உழைப்பு இருந்தது. 1997ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நெட் மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படிக்க வேண்டுமானால் அதற்குரிய எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தளமும் 2004இல் திஸ்கி என்ற, தமிழுக்கென்றே உருவான குறியேற்றத்தில்தான் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து எல்லாப் பக்கங்களையும் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினோம்.

மாற்றும்போது ஒரு தவறு நேர்ந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. “ஔவையார்” பற்றிய பக்கங்கள் தேடலில் கிடைக்கவே இல்லை. திரையில் பார்த்தால் சொல் சரியாகத் தெரிந்தது. கோப்பைத் திறந்து குறியெண்களைப் பார்த்தபோதுதான், முதல் எழுத்து “ஔ” என்ற ஒரே எழுத்தாக இல்லாமல், “ஒ” என்றும் “ள” என்றும் இரண்டு எழுத்துகளாக இருந்தது தெரிந்தது. தட்டச்சு செய்தவர்களில் சிலர் அப்படி அடித்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் மெய்ப்புப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. “கொ”, “கோ” போன்ற எழுத்துகளுக்கும் ஒருங்குறியில் இரண்டு விதமான குறி வரிசைகள் உண்டு. ஆனால் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்க முறையை மென்பொருள்களே அறிந்து வைத்திருக்கின்றன. ஒ, ள இணையை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. அதை நாமேதான் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை “ஒள” என்று தேடிப் பார்ப்பது நல்லது. “ஒளி”, “ஒளவை” ஆகிய இரண்டும் சேர்ந்தே வரும் என்பதால், மொத்தமாக மாற்றிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.

தளத்தின் உள்ளே இருக்கும் தேடற்பெட்டியை நானே எழுதினேன். அதில் இன்னொரு பிழை ஒளிந்திருந்தது. பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு சொல்லைப் பிரித்தெடுக்க வழக்கமாகப் பயன்படுத்தும் குறியீட்டு வடிவம், எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது. தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ஒருங்குறியில் எழுத்து என்ற வகையில் இல்லாமல் குறி என்ற வகையில் வைக்கப்பட்டிருப்பதால், அவை வரும் இடத்திலெல்லாம் சொல் வெட்டுப்படுகிறது. “தமிழ்” என்ற சொல் “தம” என்றும் “ழ” என்றும் இரண்டு துண்டாகிறது. “சங்கம்” என்பது “சங”, “கம” ஆகிறது. “கம்பம்” என்பது “கம”, “பம” ஆகிறது. சங்கம் என்று தேடியவருக்குக் கம்பம் வந்த பக்கங்களும் கிடைத்ததற்குக் காரணம் இதுதான். ஆயத்தமாகக் கிடைக்கும் தேடல் கருவிகள் சிலவற்றிலும் இதே குறை உண்டு. ஆகவே புதிய கருவி எதையும் ஏற்பதற்கு முன், ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்து அது எப்படித் துண்டாகிறது என்று அச்சிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் நான்கு ஆண்டுகள் வாசகர்களுக்குத் தவறான பக்கங்களைக் காட்டியிருக்கிறேன்.

வேற்றுமை உருபுகளும் தேடலுக்குப் பெரிய சிக்கல். கம்பம் என்பது கம்பத்தில், கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து என்று மாறும்போது, சொல்லை அப்படியே ஒப்பிடும் தேடல் தோற்றுவிடுகிறது. சொல்லின் அடியைப் பிரித்தெடுக்கும் நிரல்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. அவை ஓரளவு உதவின. மனிதர்கள் கேள்வி கேட்கும் விதத்தைப் புரிந்துகொள்வதற்கு அவை போதவில்லை.

பொருள்வழித் தேடலின் பக்கம் நான் வந்தது 2023இல். கூகல் நிறுவனம் 2019ஆம் ஆண்டு இறுதியில் சொற்களின் பொருளைச் சூழலோடு சேர்த்து அறியும் தன் பெர்ட் மொழி மாதிரியைத் தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளின் தேடலில் புகுத்தியிருந்தது. அதே வகையான நுட்பம் பின்னர் எங்களைப் போன்ற சிறிய தளங்களும் இலவசமாகப் பயன்படுத்தும் அளவுக்குப் பரவியது. ஒவ்வொரு பத்தியும் சில நூறு எண்களைக் கொண்ட ஒரு வரிசையாக மாற்றப்படுகிறது. கேள்வியும் அப்படியே மாற்றப்படுகிறது. எண் வரிசைகள் நெருக்கமாக இருந்தால் பொருளும் நெருக்கமாக இருக்கும் என்பதே இதன் அடிப்படை.

நான் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேள்விகளைத் திரட்டினேன். இந்தப் பணியில் நான் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுதான். சங்கத்துக்கு வரும் மூத்தோர், ஆய்வு மாணவர்கள், பிள்ளைகளுடன் வரும் பெற்றோர் என்று பலரிடமும் “எங்கள் மலர்களில் நீங்கள் எதைத் தேடுவீர்கள், எப்படிக் கேட்பீர்கள்” என்று கேட்டு, அவர்கள் வாயில் வந்த சொற்களிலேயே 60 கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் சரியான பக்கம் எது என்று கைப்படக் குறித்து வைத்தேன். சிலர் பேச்சுத் தமிழில் கேட்டார்கள். இளையர்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டினார்கள். ஒரு கருவி நல்லதா என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், இந்த 60 கேள்விகளில் எத்தனைக்குச் சரியான பக்கத்தை முதல் ஐந்து முடிவுகளுக்குள் தருகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்தேன்.

“செட்டியார்கள் எங்கே தங்கிக் கணக்கு எழுதினார்கள்” என்பது அவற்றில் ஒன்று. பழைய தேடற்பெட்டி இதற்கு ஒன்றையும் தரவில்லை, ஏனென்றால் மலரில் “மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி” என்றுதான் இருந்தது. கிட்டங்கி என்பது நகரத்தார் லேவாதேவித் தொழில் நடத்தி, அங்கேயே தங்கியும் வந்த கட்டடம். பொருள்வழித் தேடல் அந்தப் பத்தியை முதல் முடிவாகக் கொண்டு வந்தது. எனக்கு அன்று உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. ஆனால் “கிட்டங்கி” என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தபோது, அதே தேடல் துறைமுகக் கிடங்குகளைப் பற்றிய பத்திகளை முன்னால் வைத்து, சரியான பத்தியைப் பின்னுக்குத் தள்ளியது. அரிய சொற்களும் ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் வரும் இடங்களில் சொல்லை அப்படியே தேடும் பழைய முறையே வலிமையானது. எனவே இரண்டு முறைகளிலும் தேடி, இரண்டு பட்டியல்களிலும் ஒரு பத்தி பெற்ற இடத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரே பட்டியலாகத் தருமாறு அமைத்தேன். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்திருந்தால் எங்கள் மலர்களுக்கே உரிய சொற்கள்தாம் முதலில் காணாமற்போயிருக்கும்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிகள் ஒரு நேரத்தில் இத்தனை டோக்கன் (சொற்களை உடைத்த சிறு துண்டு) வரைதான் படிக்கும் என்ற வரம்பு உண்டு. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிடப் பல மடங்கு சிறு துண்டுகளாக உடைக்கப்படுவதால், அந்த வரம்பு விரைவில் நிறைந்துவிடும். என் பத்திகளின் பிற்பாதியை மாதிரி படிக்கவே இல்லை. பிழைச் செய்தி எதுவும் தராமல் வெட்டிவிட்டது. பத்திகளைச் சிறியனவாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் மலரின் ஆண்டையும் கட்டுரைத் தலைப்பையும் சேர்த்த பிறகே முடிவுகள் சீரடைந்தன.

பழைய அச்சுப் பக்கங்களை எழுத்தாக மாற்றும் வேலையைப் பற்றி நிறைய எழுதலாம். 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்ற எழுத்துகளின் வடிவங்களை, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் எழுத்துணரி மென்பொருள்கள் தடுமாறியே படித்தன. அவற்றின் பிழைகள் பிழை என்று பார்த்தவுடன் தெரியும். ஒரு சொல் உருக்குலைந்து கிடக்கும். இப்போது படத்தைப் பார்த்துப் படிக்கும் பெரிய மொழி மாதிரிகள் பழைய வடிவங்களையும் பெரும்பாலும் சரியாகப் படிக்கின்றன. மை கலைந்த இடத்திலோ அவை வாக்கியத்துக்குப் பொருந்துகிற ஒரு சொல்லைத் தாமாகவே வைத்துவிடுகின்றன. ஒரு நன்கொடைப் பட்டியலில் “வீராசாமி” என்று இருந்த பெயரை “ராமசாமி” என்று எழுதியிருந்ததை, மூலத்தை விளக்கொளியில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். சரளமான பிழை ஆபத்தானது. இப்போது பெயர்கள், தொகைகள், தேதிகள் மூன்றையும் இரண்டு பேர் மூலத்துடன் ஒப்பிடாமல் எங்கள் தளத்தில் ஏற்றுவதில்லை. எழுத்துக்கு அருகிலேயே பக்கத்தின் படத்தையும் வைக்கிறோம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் கூகல் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்க விடையை வைக்கத் தொடங்கி, அவ்வாண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிவாக்கியது. விடை தேடுபவர் பக்கத்துக்கு வராமலேயே விடை பெற்றுவிடுகிறார். எங்கள் தளத்துக்கு மனித வருகை மெல்லக் குறைந்தது. பக்கங்களைத் தானாகவே படித்துச் செல்லும் நிரல்களின், அதாவது இயந்திரங்களின், வருகை கூடியது. அந்த ஆண்டு நடுப்பகுதியில், மலர்களின் படங்களையெல்லாம் இயந்திரங்கள் மீண்டும் மீண்டும் இறக்கியதில் எங்கள் மாதாந்திரத் தரவு வரம்பு தீர்ந்து, தளம் ஒன்பது நாள் முடங்கியது. நான் பதற்றத்தில் எந்த இயந்திரம் எதைப் படிக்கலாம் என்று தளம் அறிவிக்கும் ரோபாட்ஸ் கோப்பில் எல்லா இயந்திரங்களையும் தடுத்துவிட்டேன்.

அதன் விளைவு இரண்டு மாதத்தில் தெரிந்தது. சங்கத்தைப் பற்றி யாராவது கேட்டால், தொடங்கிய ஆண்டையே தவறாக எழுதியிருந்த வேறொரு பக்கத்தை ஆதாரமாகக் கொண்டு செயலிகள் பதில் சொல்லத் தொடங்கின. எங்கள் பக்கம் மூடியிருந்தது. தவறான பக்கம் திறந்திருந்தது. பிறகுதான் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். ரோபாட்ஸ் கோப்பு 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த ஓர் ஏற்பாடு. 2022இல் முறையான தர ஆவணமாக வெளிவந்தது. அது ஒரு வேண்டுகோள்தான், பூட்டு இல்லை என்பதால், மதிக்காத இயந்திரங்களைச் சர்வரிலேயே வேகக் கட்டுப்பாடு வைத்துத்தான் நிறுத்த முடியும். மேலும், மாதிரிகளைப் பயிற்றுவிக்க வரும் இயந்திரமும், விடைக்கு மேற்கோள் காட்டுவதற்காகப் படிக்க வரும் இயந்திரமும் வெவ்வேறு பெயர்களில் வரலாம். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடிபாட் முதல் வகை; அதன் தேடல் இயந்திரத்துக்குத் தனிப் பெயர் உண்டு. இப்போது தேடலுக்கு வருபவற்றுக்குக் கதவைத் திறந்து, பெரிய படங்கள் இருக்கும் அடைவை மட்டும் எல்லாவற்றுக்கும் மூடி வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வருபவற்றை அனுமதிப்பதா என்பதைச் செயற்குழு விவாதித்தே முடிவு செய்தது. எழுத்தாளர் குடும்பங்கள் இசைவு தந்த பகுதிகளை மட்டும் திறந்தோம். ஒரு குடும்பம் மறுத்த கவிதைகளை எடுத்துவிட்டோம்.

பொங்கல் விழாவின்போது நடந்ததையும் குறிப்பிட வேண்டும். எங்கள் அறிவிப்பு ஒரு வண்ணப் படமாக மட்டுமே தளத்தில் இருந்தது. அதன் கீழே “வரும் சனிக்கிழமை மாலை, புளோக்கின் கீழ்த்தளத்தில்” என்ற ஒரு வரி. திறன்பேசியிடம் வாயால் கேட்ட ஓர் உறுப்பினருக்கு, முந்தைய ஆண்டின் தேதி விடையாகக் கிடைத்தது. அவர் பேரனுடன் வெறும் கீழ்த்தளத்தில் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். இப்போது “2025 ஜனவரி 18, சனிக்கிழமை, மாலை 5 மணி” என்ற முறையில் ஆண்டுடன் எழுத்தாகவே எழுதுகிறோம். அதே விவரத்தை 2011 முதல் தேடுபொறிகள் பொதுவாக ஏற்றுவரும் ஸ்கீமா என்ற, இயந்திரங்கள் படிப்பதற்கான குறிப்பு முறையிலும் தருகிறோம். முடிந்துபோன நிகழ்ச்சியின் பக்கத்தில் “இந்நிகழ்ச்சி நடந்து முடிந்தது” என்று முதல் வரியிலேயே சேர்க்கிறோம். பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வழியாக விவரங்களை ஏற்றுவதையும் நிறுத்திவிட்டோம், ஏனென்றால் விடை தரும் இயந்திரங்கள் பல அதை இயக்கிப் பார்ப்பதில்லை.

அடுத்த கட்டம் எங்கே போகிறது என்பதும் ஓரளவு தெரிகிறது. தேடிச் சொல்வதோடு நில்லாமல், நமக்காகப் படிவத்தை நிரப்பிப் பதிவும் செய்யும் முகவர்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி போன்ற பொது நெறிமுறைகள், மாதிரிகளை வெளித் தரவுகளோடும் கருவிகளோடும் இணைக்கின்றன. இதற்காகச் சிறிய சங்கம் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் கொண்டு எங்கள் பதிவுப் படிவத்தை நிரப்ப முடியவில்லை என்று முறையிட்டதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் முறையான பெயர் கொடுத்துத் திருத்தினோம். அந்தத் திருத்தமே முகவர்களுக்கும் போதுமானதாக இருந்ததைச் சோதனையில் கண்டேன்.

நான் அதிகம் நம்பிக்கை வைத்திருப்பது வட்டார மாதிரிகளின் மீது. ஏஐ சிங்கப்பூர் என்ற தேசியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டம் 2023 டிசம்பரில் வெளியிட்ட சீ-லயன், தென்கிழக்காசிய மொழிகளுக்காக உருவானது. அதில் தமிழும் உண்டு. அப்படிப்பட்ட மாதிரிகள் நம் தமிழைக் கற்க வேண்டுமானால், நம் தமிழ் படிக்கக்கூடிய எழுத்தாக, நிலையான முகவரியில், விளக்கத்துடன் இருக்க வேண்டும். அதனால் “மலர்களில் வரும் சிங்கப்பூர்ச் சொற்கள்” என்று ஒரு பக்கத்தைத் தொடங்கினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அது வரும் மலரின் ஆண்டு, மூல வரி, சொன்னவர் எந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர் என்பவற்றை முழு வாக்கியங்களில் எழுதுகிறோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பும் அதில் இருக்கிறது. வெள்ளி, கம்பம், கிட்டங்கி, மார்க்கெட் ஸ்திரீட்டைக் குறித்த செட்டித் தெரு என்று இதுவரை 112 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. நன்கொடைப் பட்டியல்களில் “5 வெள்ளி” என்று வரும் பக்கங்கள் அனைத்திலும், மூலத்தைத் தொடாமல், “வெள்ளி என்பது இங்கே டாலர்” என்ற குறிப்பைத் தலைப்பின் கீழ் சேர்த்திருக்கிறோம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்தப் பழைய கேள்விகளை மூன்று செயலிகளிடம் கேட்டு விடைகளைப் பதிந்து வைக்கிறேன். கேள்விகள் இப்போது 74 ஆகிவிட்டன. சென்ற மாதம், மூன்று செயலிகளும் ஐந்து டாலர் என்றே கூறின. அவற்றில் இரண்டு எங்கள் பக்கத்தைச் சுட்டின. சுண்ணாம்புக் கம்பத்தை ஒன்று மட்டும் இன்னும் தூண் என்றே சொல்கிறது. ஈசூன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப இன்னும் கொஞ்சம் வெளக்கமா எழுதுங்க தம்பி, சுண்ணாம்பு எங்க சுட்டாங்க, யாரு அங்க குடியிருந்தாங்கன்னு நான் சொல்றேன்” என்றார். வரும் சனிக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர் வீட்டுக்குப் போகிறேன்.